இரண்டு மில்லி அம்பியர்

தலையில் கரண்ட் விடப்போகிறார்கள் என்றதும்
கையெழுத்து வைக்காதீங்க என்றாள் இராசமலர்.
நான் சிரித்தேன்.
வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

எவ்வளவு என்று கேட்டேன்.
இரண்டு மில்லி அம்பியர்.

முப்பத்தொரு வருஷம் மின்சார சபையில்
பதினோராயிரம் வோல்ட்டுக்குக் கீழே
சோற்றுப் பார்சல் அவிழ்த்தவன் நான்.
கடல் ஏறின வருஷம் நாவலடி மணலில்
சரிந்த கம்பங்களை நிமிர்த்தினவன்.
இரண்டு மில்லி என்பது
பெடியன்கள் பற்றறியை நாக்கில் வைத்துப் பார்க்கிற கணக்கு.
இடது கையால் கோணலாய் வைத்தேன், கையெழுத்து.

களுவாஞ்சிக்குடியில் காலை ஆறேகால் பஸ்.
கல்லடிப் பாலம் வரைக்கும்
என் வலது கை மடியில் கிடக்கும்,
யாரோ சீட்டில் விட்டுப்போன பை மாதிரி.

ஆஸ்பத்திரியில் பௌமியா. ஏறாவூர்ப் பிள்ளை.
இரண்டு பஞ்சை உப்புத் தண்ணியில் நனைத்துப் பிழிவாள்.
ஒன்று இடப்பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே.
மற்றது வலது புருவத்துக்கு மேலே.
சுற்றி ஒரு ரப்பர் பட்டி.
"முதல்ல கடிக்கும் ஐயா. பிறகு தெரியாது."

கடித்தது. கட்டெறும்பு இல்லை, சிற்றெறும்பு.
அரை நிமிஷம்.
பிறகு ஒன்றுமில்லை.

"லைன் போயிற்றா?"
"எனக்கும் தெரியாது."

பாதிப் பேருக்கு இருபது நிமிஷமும் ஓடுமாம்.
மீதிப் பேருக்கு அரை நிமிஷத்தில் அணைந்துவிடுமாம்.
யாருக்கு எது என்பது
ஒட்டின உறை ஒன்றுக்குள் இருக்கிறதாம்.
கையெழுத்து வைத்த தாளிலும் அது எழுதியிருந்ததாம்.
நான் வாசித்தது அம்பியரை மட்டும்.

கம்பத்தடியில் நின்றே
லைன் உயிரோடா என்று சொல்லிவிடுவேன்.
மாரி இரவில் இன்சுலேட்டர் முணுமுணுக்கும்,
முழங்கை மயிர் எழும்பும்.
அப்படிப்பட்டவன்
சொந்த மண்டையில் சப்ளை இருக்கிறதா தெரியாமல்
பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

அந்த நேரமெல்லாம் வேலை.
மரத்துண்டுகளை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு.
பிடிக்கிறது வந்தது.
விடுகிறதுதான் வரவில்லை.
பௌமியா என் விரல்களை ஒவ்வொன்றாய் விரிப்பாள்,
சின்ன விரலில் தொடங்கி.

வெல்லாவெளியில் பேரின்பம்.
வேலைக்கு வந்த முதல் நாளே அவனுக்குச் சொன்னேன்:
சந்தேகமான வயரைப் புறங்கையால் தட்டு.
உள்ளங்கையால் தொட்டால் கை மூடும்,
மூடினால் விடாது.
லொறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ.
ஆறாம் மாதம் அவனுடைய விரல்களை
நான்தான் விரித்தேன்,
சின்ன விரலில் தொடங்கி.

இதைப் பௌமியாவிடம் சொல்லவில்லை.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினொன்று. பன்னிரண்டு.

நாலாம் கிழமை, வியாழக்கிழமை.
இருபத்திமூன்று துண்டு.
"கரண்டா?" என்றேன்.
"தெரியாது ஐயா. நீங்க ஒரு நாளும் விடாம வாறீங்க,
அதுவும் இரிக்கிதானே."
உறையை எப்போது உடைப்பார்கள்?
கடைசி நோயாளி முடிந்த பிறகு.
வருகிற வருஷமாகும்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் வந்தான்.
தாளை இடது கையால் கொடுத்தேன்.
மிச்சம் இருபது ரூபாக் குற்றி,
அதை வலது கையால் நீட்டினேன்.
அவன் கீழே உள்ளங்கையை ஏந்தி நின்றான்.
என் விரல்கள் குற்றியைப் பிடித்தபடி நின்றன.
ஆரையம்பதிச் சந்தி போயிற்று.
பின்னால் ஒருத்தி உச்சுக் கொட்டினாள்.
"ஐயா, விடுங்க."

விட்டேன்.
அவன் கையில் விழவில்லை.
சீட்டுக்கடியில் உருண்டுபோய்
யாருடையதோ மீன்பெட்டியில் மோதிப் படுத்தது.
முணுமுணுத்துக்கொண்டு குனிந்தான்.

இரவு இராசமலரிடம் சொன்னேன்,
கையிலிருந்து ஒரு குற்றி விழுந்தது.
"துலைஞ்சி பெயித்தா?"

இல்லையடி.
விழுந்தது.